பீட்டர்ஸ்பர்க்கின் வெயில்

பீட்டர்ஸ்பர்க் போய்வந்து தமிழில் எழுதுகிறவர்களின் கட்டுரைகள், நான் வாசித்தவரை, ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நேவா நதி, குளிர்கால அரண்மனை, நள்ளிரவில் தூக்கப்படும் பாலங்கள், கடைசியில் ‘வெண்ணிற இரவுகள்’ நினைவில் ஒரு பெருமூச்சு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு நாஸ்தென்காவைக் காதலிக்காத ஆள் நம்மில் யார்? எஸ்.பி. ஜனநாதன் அந்தக் கதையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து 2003-இல் ‘இயற்கை’ என்று படமாகவே எடுத்தார். சல்லிசான விலையில் வந்த சோவியத் புத்தகங்கள், பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்கும் அந்த ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கின்றன.

ஆனால் இந்தக் காதல் ஒரு நகரத்தைப் போஸ்ட் கார்டு அளவுக்குச் சுருக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ‘வெண்ணிற இரவுகள்’ 1848-இல் வந்தது. அதே தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் ‘குற்றமும் தண்டனையும்’ எழுதியபோது அதே ஊர் வேறு மாதிரி இருக்கிறது. எம்.ஏ. சுசீலாவின் தமிழில் அதன் முதல் பக்கங்களைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். ஜூலை மாதம், தாங்க முடியாத வெக்கை, புழுதி, சுண்ணாம்பு, செங்கல், மதுக்கடை நாற்றம். பனியே கிடையாது. சித்திரை மதியத்தில் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்கு இதற்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது.

அடுத்து வருவது அடகு. ரஸ்கோல்னிகவ் தன் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைக்கிறான். கிழவி ஒன்றரை ரூபிள் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி. நம்மூர்க் கணக்கில் சுத்தமான பத்து வட்டி! அதில் 15 கோபெக்கை முதலிலேயே பிடித்துக்கொள்கிறாள். பழைய கடனுக்கு இன்னும் 20. கைக்கு வருவது 1 ரூபிள் 15 கோபெக். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறிப்பட்டறைக்காக வட்டிக்கு வாங்கிய எவரும் இந்தக் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவார்கள். ‘இயற்கை’ வந்த அதே 2003-இல்தான் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது.

ஒரு ஜூன் மாதம் ஐந்து நாள் அந்த ஊரில் இருந்தேன். இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் வடியாத ஃபந்தான்கா கரையில் நடந்தது இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. அதைவிட ஆழமாகப் பதிந்தது சென்னயா சதுக்கம். சென்னயா என்றால் வைக்கோல். ஒருகாலத்தில் வைக்கோல் சந்தை. அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, ரஸ்கோல்னிகவ் வீடு என்று காட்டப்படும் கட்டடம். அவனுடைய வாசலிலிருந்து கிழவியின் வாசல்வரை 730 அடிகள் என்று நாவல் சொல்கிறது. நான் எண்ணவில்லை. ஆனால் கடன்பட்டவன் எண்ணியிருப்பான் என்பது அந்தச் சந்துகளில் நடக்கும்போதுதான் உறைத்தது.

“அத்தனை தூரம் போயி அடகுக்கடையத்தான் பாத்தியாக்கும்?” என்றான் நாமக்கல் நண்பன். நியாயமான கேள்விதான். எங்கே போனாலும் நம் ஊரையே பார்ப்பது ஒருவகைக் குருட்டுத்தனம். ‘எல்லா ஊரும் ஒண்ணுதான்’ என்று முடித்துக்கொண்டால் வாசிப்பும் வீண், டிக்கெட் காசும் வீண். ஒற்றுமை தெரிந்த பிறகு வித்தியாசத்தைத் தேட வேண்டும். ரஸ்கோல்னிகவ் தன் வறுமையிலிருந்து ஒரு தத்துவத்தைக் கட்டுகிறான். அசாதாரண மனிதர்களுக்குக் கொல்லவும் உரிமை உண்டு என்று கோடாரியைத் தூக்குகிறான். நம் சமவெளியில் கடனில் நொடித்தவன் பெரும்பாலும் வட்டிக்காரனைத் தொடுவதில்லை, தன்னையே அழித்துக்கொள்கிறான். ஒரே வட்டிக் கணக்கு அங்கே கோடாரியாகவும் இங்கே விஷமாகவும் ஏன் மாறுகிறது? இந்தக் கேள்வியை அரண்மனை வாசலில் எடுத்த செல்ஃபி எழுப்பாது.

பயணக் கட்டுரை எழுதுகிற நண்பர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பாலங்களைப் பாருங்கள், தாராளமாகப் பெருமூச்சும் விடுங்கள். கூடவே ஜூலை வெயிலில் அந்தப் பின்கட்டு மாடிப்படிகளையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நம்மிடம் இல்லாத பனியைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். நமக்கு நன்றாகத் தெரிந்த வெயிலைப் பற்றி இன்னும் எழுதவில்லை.