உச்சத்தில் எடுத்த மதிப்பெண்

இயக்கக் கற்பனையை மூளை அலைகளிலிருந்து பிரித்தறியும் துறையை மதிப்பிட விரும்புபவர், அத்துறை தன்னை அளந்துகொள்ளும் உரைகல்லை முதலில் சோதிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் நான்காம் மூளை-கணினி இடைமுக (பிசிஐ) போட்டிக்கு ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அளித்த ‘2ஏ’ தரவுத்தொகுப்பே அந்த உரைகல். ஒன்பது பேர், மூளை அலைகளை மண்டையோட்டின் மேலிருந்து பதியும் 22 இஇஜி மின்முனைகள், வெவ்வேறு நாள்களில் இரண்டு அமர்வுகள், அமர்வுக்கு 288 முயற்சிகள். இடக்கை, வலக்கை, இரு பாதங்கள், நாக்கு ஆகிய நான்கில் எதை அசைப்பதாக ஒருவர் எண்ணினார் என்பதைக் கணினி சொல்ல வேண்டும்.

இதன் அடித்தளத்தில் குறை காண்பதற்கில்லை. கையசைவை எண்ணும்போது எதிர்ப்பக்கப் புறணியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ அலையின் வலு குறைகிறது என்பதை ஃபூர்ட்ஷெல்லரின் கிராஸ் மரபு ஐயமின்றி நிறுவியிருக்கிறது. போட்டி விதிகளிலும் நேர்மை உண்டு. முதல் நாள் தரவில் பயின்று, விடை மறைக்கப்பட்ட மறுநாள் தரவில் தேர வேண்டும். கண்ணசைவைப் பதிந்த மூன்று மின்முனைகளைக் கலப்படத்தை நீக்கப் பயன்படுத்தலாம். வகைப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது. ஒரு கணத்தின் முடிவு அதற்குப் பின்வரும் தரவைத் தொடக் கூடாது. இவ்வளவு கண்டிப்பு அந்நாளைய ஆய்வுகளில் அரிது.

வென்றது சிங்கப்பூரில் ஆங், குவான் முதலியோர் உருவாக்கிய வடிகட்டித் தொகுதி முறை. அதற்கு முன்பிருந்த பொது இடவெளி உருப்படிவ முறை, ஒரு கற்பனையில் சமிக்ஞையின் ஏற்ற இறக்கம் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் தெரியும்படி மின்முனைகளுக்கு எடையிடும். ஆனால் எந்த அலைவரிசையில் தேடுவது என்பதை ஆய்வாளரே சொல்லியாக வேண்டும். ஆளுக்கு ஆள் அந்த வரிசை மாறும் என்பதால் அங்கேதான் முறை இடறியது. ஆங் குழு 4 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை ஒன்பது பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அம்முறையை இயக்கி, பயனுள்ள கூறுகளைத் தகவல் அளவின்படி தேர்ந்தெடுத்தது. சிக்கனமான தீர்வு; உடலியலுக்கு இணங்கிய தீர்வு; எந்தப் பட்டை, எந்த இடம் எனத் திரும்பிப் படித்துச் சரிபார்க்கவும் இடம் தருவது. முறையியல் அளவில் இத்துறையின் முழுமையான சாதனை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதன் மதிப்பெண்ணோ அவ்வளவு முழுமையானதல்ல. ஊகத்தால் கிடைக்கும் பங்கைக் கழித்து அளக்கும் கப்பாவின் சராசரி 0.57, நான்கு சமவாய்ப்புகளுக்கு இது ஏறத்தாழ 68 விழுக்காட்டுத் துல்லியம். குருட்டு ஊகத்தின் 25 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் பெரிது. ஆனால் ஒருவருக்கு 0.77, இன்னொருவருக்கு 0.27 என்ற இடைவெளியைச் சராசரி மூடிவிடுகிறது. உடல் அசையாமல் எண்ணத்தால் கட்டளையிடும் கருவி வேண்டுபவர் சராசரி மனிதர் அல்லர். அந்த ஒன்பது பேரில் யாரோ ஒருவர்.

இன்னும் ஆழமான குறை அளவையிலேயே இருக்கிறது. கப்பா ஒவ்வொரு கணத்துக்கும் கணிக்கப்பட்டு, அவற்றுள் உச்சம் எதுவோ அதுவே மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளப்பட்டது. விடைத்தாளைப் பார்த்த பிறகே அந்த உச்சம் எங்கே என்று தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ‘எதையும் எண்ணவில்லை’ என்ற ஐந்தாம் வகையும் இத்தொகுப்பில் கிடையாது. நாளின் பெரும்பகுதியில் எந்தக் கட்டளையும் கொடுக்காதிருப்பதே பயனரின் இயல்பு. அந்த மௌனத்தைக் கட்டளையாகப் பிழைபடப் படிக்காதிருப்பதே கருவியின் முதற்கடமை. அந்தக் கடமை இங்கே தேர்வுக்கே வரவில்லை. பதிவின்போது பங்கேற்றவர்களுக்குப் பின்னூட்டமும் தரப்படவில்லை. ஆகவே 0.27 பெற்றவரிடம் சமிக்ஞையே இல்லையா, பயிற்சி இல்லையா என்ற கேள்விக்கு இத்தரவிலிருந்து விடை கிடைக்காது. பயின்றது கணினி மட்டுமே.

பின்வந்தவர்கள் முறையைக் கூர்தீட்டினார்கள், கேள்வியை மாற்றவில்லை. 2017இல் ஷிர்மைஸ்டரும் உடனாய்வாளர்களும் ஆழ்கற்றல் வலையமைப்பை வடிகட்டித் தொகுதி முறையோடு நேர் நிறுத்தினார்கள். 2ஏயோடு இன்னொரு தரவுத்தொகுப்பையும் சேர்த்த சராசரித் துல்லியம், வலையமைப்புக்கு 84.0, வடிகட்டித் தொகுதி முறைக்கு 82.1 விழுக்காடு. வலையமைப்பு எதைக் கற்றது என்பதைக் காட்சிப்படுத்தி உடலியலோடு பொருத்திப் பார்த்தது அவர்களின் உண்மையான பங்களிப்பு. இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான அந்த முன்னேற்றமல்ல அவர்களின் பங்களிப்பு. பராஷானின் ரீமான் வடிவியல் வழி, மின்முனைகளின் சமிக்ஞைகள் சேர்ந்து மாறும் விதத்தைக் குறிக்கும் உடன்மாறுபாட்டு அணிகளின் இயல்பை மதித்து, குறைந்த தரவிலும் நிலைத்து நிற்கிறது. எனினும் 2ஏயின் விடைகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. இரு அமர்வுகளையும் கலந்து பிரித்தால், அல்லது தேர்வுத் தரவைப் பார்த்தே பயிற்சியை நிறுத்தினால், எண் உயரும், பொருள் தாழும். மறுநாள் தரவில் தேரவேண்டும் என்ற பழைய கண்டிப்பைக் கைவிட்டுப் பெற்ற உயர்வை முன்னேற்றம் என எண்ண வேண்டியதில்லை.

மாற்று அளவுகோல் இல்லாமலில்லை. 2016இல் சூரிக் அருகே, உடல் இயலாமை உள்ளவர்கள் துணைக்கருவிகளோடு போட்டியிட்ட சைபத்லான் பந்தயத்துக்கு மில்லானின் குழு, கைகால் செயலிழந்த இருவரைப் பல மாதங்கள் பயிற்றுவித்தது. மனிதரும் கணினியும் ஒருவரையொருவர் கற்கும் முறை அது. காலப்போக்கில் அவர்களின் அலைவேறுபாடே தெளிவடைந்ததை 2018இல் வெளியான பெர்டிகிஸ் முதலியோரின் கட்டுரை பதிவுசெய்கிறது. இருவரைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது. கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லை. ஆனால் சரியான கேள்வி அங்கேதான் கேட்கப்பட்டது.

மண்டையோடு சமிக்ஞையைக் கலங்கச் செய்கிறது, அதற்கு வழிமுறை பொறுப்பாகாது என்ற வாதத்துக்கும் உரிய எடை தரவேண்டும். 2021இல் வில்லெட் குழு, புறணியில் மின்முனை பதித்த ஒருவர் எழுத முயன்றதிலிருந்து நிமிடத்துக்கு 90 எழுத்துகளைப் படித்தது. இஇஜி அந்த உயரத்தை எட்டும் என எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் சமிக்ஞை ஏழ்மையானது என்பது, வாய்மையற்ற அளவைக்குச் சமாதானமாகாது. ஏழ்மையான சமிக்ஞைக்கே கடுமையான அளவை தேவை.

எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வடிவங்களைப் பிரித்தறியும் அறிவியலாக இத்துறை தேறிவிட்டது. 2ஏ அதற்கு நேர்மையான சாட்சி. பயன்படும் கருவியாக அது இன்னும் தேர்வே எழுதவில்லை. 2ஏயால் அத்தேர்வை நடத்தவும் முடியாது. மதிப்பெண்ணை உச்சக் கணத்தில் எடுக்காமல் கட்டளை வேண்டிய கணத்தில் எடுப்பது, மௌனத்தையும் ஒரு வகையாக எண்ணுவது, சராசரியோடு மிகக் குறைந்தவரின் எண்ணையும் அச்சிடுவது, பயனரைப் பல அமர்வுகளுக்குப் பின்னூட்டத்தோடு தொடர்வது: இந்த நான்கும் இல்லாத புதிய வழிமுறையை, அதன் துல்லியம் எவ்வளவு உயர்ந்தாலும், கணிதப் பயிற்சியாக ஏற்கலாம், இடைமுகமாக ஏற்கலாகாது.