ஊர்க் கணக்கும் சேரிக் கணக்கும்

குன்றத்தூர் என்றால் தமிழ் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சேக்கிழார்தான். இந்த ஊர்க்காரர், 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். பெரியபுராணத்தில் நந்தனார் கதையை அவர் தொடங்கும் இடத்தை எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு நாட்டு வளம் என்று நடத்தினார்கள். முதலில் ஆதனூரின் நீரும் வயலும் விளைச்சலும். அப்புறம்தான் ஊருக்கு ஓரமாகப் புலைப்பாடி, குடிசை, தோல், வார். நான் அதைப் பொருளாதார அறிக்கையாகத்தான் வாசிக்கிறேன். விளைச்சல் ஊருக்கு, உழைப்பு சேரிக்கு. ஆனால் சேக்கிழார் சேரியைத் தனியாகவாவது காட்டினார். இன்று அரசு போடும் மாவட்ட வருமானக் கணக்கில் அந்தக் காட்சிகூட இல்லை. சேரி சராசரிக்குள் கரைந்துபோகிறது.

இது பொருளாதாரம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இதைப் போடுகிறது. மாவட்ட எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியான பொருள், சேவைகளின் மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுக்காக வாங்கிப்போட்ட மூலப்பொருள் முதலியவற்றைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவது மாவட்ட மொத்த உற்பத்தி. அதையொட்டி வரும் வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்தால் தலா வருமானம். பல இனங்களுக்கு மாவட்ட அளவில் நேரடித் தகவலே கிடையாது. மாநிலத்துக்குப் போட்ட தொகையைத் தொழிலாளர் எண்ணிக்கை மாதிரி ஏதோ ஒரு விகிதத்தில் பிரித்துப்போடுகிறார்கள். தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைப்பதே 2025 ஜனவரியில்தான் தொடங்கியது.

இந்த வரையறையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் ‘எல்லைக்குள்’. எங்கே உண்டானது என்று மட்டும்தான் கேட்கிறார்கள், யாருக்குப் போனது என்று கேட்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. அதில் கிடைக்கும் லாபம் சியோலுக்கே போனாலும் அது காஞ்சிபுரம் மாவட்டத்தின் உற்பத்திதான். லாபம், வட்டி, வாடகை, தேய்மானம், கூலி எல்லாம் ஒரே மூட்டை.

எங்க அம்மா ஏரிக்குக் கீழே அடுத்தவர் கழனியில் நடவு நட்டது. கழனி மனையாச்சு. இப்ப ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் கீழே கூட்டிப் பெருக்குது. ஒரு நாள் ராத்திரி மாவட்டத்தின் தலா வருமானத்தைப் படிச்சுக் காட்டினேன். ‘இம்மாம் துட்டு எம்பேர்ல வருதா? யாருடி வாங்கிக்கினு போறது?’ன்னு கேட்டுச்சு. எந்தப் பேராசிரியரும் இந்தக் கணக்கை இவ்வளவு சரியாக விமர்சித்து நான் கேட்டதில்லை.

அம்மா நட்ட கழனி விற்றபோது தரகரின் கமிஷன் உற்பத்தியில் சேர்ந்தது. அடுத்த வருசம் அங்கே நெல் விளையாதது ஒரு குறைவாகப் பதிவாகியிருக்கும். கழனியே இல்லாமல் போனது எங்கும் கழிக்கப்படவில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவரின் வீட்டுக்கும் ஒரு மதிப்பு போட்டு வருமானத்தில் சேர்க்கிறார்கள். அதே வீட்டில் பொம்பளை சமைப்பதும் தண்ணி சுமப்பதும் பூஜ்யம்.

2019இல் காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உண்டாக்கினார்கள். மறைமலைநகர் அந்தப் பக்கம் போனது, ஸ்ரீபெரும்புதூர் இந்தப் பக்கம் நின்றது. கோடு மாறியதும் மாவட்டத்தின் எண்ணும் மாறியது. யார் வீட்டு அடுப்பிலும் எதுவும் மாறவில்லை. 2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கமும் சம்பள உயர்வும் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாவட்டக் கணக்கில் அது உற்பத்திக் குறைவாக மட்டும்தான் பதியும். எதற்காக நின்றார்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இந்த எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழில் எங்கே குவிகிறது, எந்த மாவட்டம் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிய இது வேண்டும். ஆனால் எங்கே உண்டானது என்ற பதிலை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் போட்டு நிரப்புகிறார்களே, அதுதான் மோசடி. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்குத் திட்டம் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் வந்தன. நியாயம்தான். பணக்கார மாவட்டத்துச் சேரி எந்தப் பட்டியலில் வரும்? தலா வருமானத்தைக் காட்டி நிதிக்குழு நம் பங்கைக் குறைக்கிறது என்று மாநில அரசு முறையிடுகிறது. அதே சராசரி மாவட்டத்துக்குள் எங்களை மறைப்பதைப் பற்றி அது பேசுவதில்லை.

வேறு மாதிரி அளக்க முடியும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். குன்றத்தூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மாவட்டம் எவ்வளவு விளைவித்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. நிலம் யாருடையது, குடிசை போட்ட மனை யாருடையது, மிராசுதாரரிடம் யார் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டார். வெள்ளைக்கார அரசின் அதிகாரிதான், நமக்குத் தோழர் அல்ல. ஆனாலும் கேள்வி மாறியதால் கொள்கை மாறியது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

மாவட்டக் கணக்கோடு கூட மூன்று கணக்கு வேண்டும் என்கிறோம். உற்பத்தியில் கூலியாகப் போனது எவ்வளவு, லாபமாகப் போனது எவ்வளவு? ஒவ்வொரு கிராமத்திலும் ஊருக்கு நிலம் எவ்வளவு, சேரிக்கு எவ்வளவு, பஞ்சமி நிலம் இப்போது யார் கையில்? நிரந்தர வேலையில் எந்தச் சாதி, ஒப்பந்தக் கூலியில் எந்தச் சாதி? தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆண்டுதோறும் தொழிற்சாலைகளிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் சம்பளத்தைத் தனியாகத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நிலப் பதிவேடு தாலுகா ஆபீசில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக மத்திய அரசே 2025 ஏப்ரலில் அறிவித்தது.

குன்றத்தூர் சுற்றுவட்டாரத்தில் வரும் கிராம சபைக் கூட்டங்களில் இந்த மூன்றையும் தீர்மானமாக வைக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் வையுங்கள். அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்குது. அதோட கேள்வியை அதுவே எழுந்து கேட்கட்டும்.