பென்னிகுயிக் வீடியோவும் ஏலத் தோட்டத்து ஜீப்பும்

உங்கள் ஊரைப் பற்றி வீடியோக் கதை செய்யுங்கள் என்று பள்ளியில் சொன்னால், கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பலரும் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கைத்தான் எடுப்பார்கள். எடுக்க வேண்டியவர்தான். 1895இல் அந்த அணை திறந்த பிறகுதான் மேற்கே போன தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவது அதனால்தான். தை பிறந்தால் பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள்.

ஆனால் அந்த வீடியோக்கள் எப்படி உருவாகின்றன? இணையத்தில் கிடைத்த படங்கள், செயலி தரும் குரல், சோகமான பின்னணி இசை. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற வரி தவறாமல் வந்துவிடும். அது சென்னை மாகாண அரசு பணம் போட்ட திட்டம்; சொத்து விற்ற கதைக்கு ஆவணம் எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்டால், அந்தக் கேள்விதான் கல்வி. அணை வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலியாட்கள் கதையில் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் கேட்காமலே பளபளப்பான வீடியோ எடுத்துவிட முடிகிறது. வீடியோக் கதை வழியே கற்பிக்கும் முறையின் பெரிய குறை இதுதான்.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலியோர் டிஜிட்டல் கதைசொல்லல் என்ற இந்த முறையைத் தொடங்கியபோது, வட்டமாக உட்கார்ந்து தன் கதையைத் தன் வாயால் சொல்வதுதான் முதல் வேலையாக இருந்தது. கணினி பிறகுதான். நம் வகுப்பறையில் செல்போன் முந்திக்கொள்கிறது. அதுவும் அப்பாவின் போன். அவர் வேலை முடிந்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும்.

ஆனாலும் தமிழக அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. 2022 முதல் சிறார் திரைப்பட விழாவும் நடக்கிறது. அங்கே படம் பார்த்துப் பேசிய பழக்கம் வீடியோக் கதைக்கு நல்ல அடித்தளம்.

ஒரு எட்டாம் வகுப்புப் பெண் தன் அம்மாவை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடியும் முன்னே தூக்குவாளியில் சோறு, இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள், கம்பம்மெட்டு வளைவுகளில் இன்ஜின் திணறும் சத்தம். அம்மா பேசப் பேச மகள் எழுதுகிறாள். அரைமணி நேரப் பேச்சை இரண்டு நிமிடமாக்க எதை விடுவது, எதை வைப்பது என்று தவிக்கிறாள். கேட்பது, தேர்வது, சுருக்குவது என எல்லாத் திறனும் அந்தத் தவிப்பில்தான் வளர்கிறது. இதற்காகவே இந்த முறையை நான் ஆதரிக்கிறேன்.

கூலி பற்றிப் பேசியதை, "அதப் போட்டுறாதடி" என்று அம்மா சொன்னால் மகள் வெட்டத்தான் வேண்டும். எடிட்டிங்குக்கு மதிப்பெண் தரும் ஆசிரியர் அந்த வெட்டையும் கணக்கில் எடுக்கட்டும்.