உவர்க்காற்றில் விளையும் சிவப்பு

சந்தையில் வாங்கும் பீற்றூட்டை மட்டும் தின்று அந்தக் கிழங்கை எடைபோட்டுவிடக் கூடாது. மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் குவிந்து கிடப்பவை வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் நிறைக்காக விளைவிக்கப்பட்டவை. தோட்டக்காரர் மேல் குற்றமில்லை, கிலோவுக்குத்தான் விலை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருத்த கிழங்கில் இனிப்பு நீர்த்துப்போகும், நடுவில் நார் தட்டும். நயினாதீவிலோ வேலணையிலோ ஒரு வீட்டு முற்றத்துச் சாடியில் வளர்ந்ததை, சின்னத் தோடம்பழ அளவில் பிடுங்கி அன்றைக்கே சமைத்தால் அது வேறொரு மரக்கறி.

யாழ்ப்பாணத் தீவுகளின் மண்ணில் இது குளிர்நாட்டு விருந்தாளி என்று பலரும் நினைக்கிறார்கள். இதன் மூதாதையோ கடற்கரைச் செடி. மத்தியதரைக் கடலோரத்திலும் ஐரோப்பாவின் அத்திலாந்திக் கரைகளிலும் உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் தானாக முளைக்கும் காட்டுக்கீரையிலிருந்துதான் பீற்றூட் வந்தது. நம் முளைக்கீரையும், கடல்நீரேரிக் கரைச் சதுப்பில் சிவந்து கிடக்கும் உமரியும் இதே குடும்பம். அந்தப் பரம்பரைக் குணம் இன்றும் போகவில்லை. மண்ணீரின் உவர்ப்பை அளக்கும் கணக்கில் போஞ்சியும் கரட்டும் 1 அலகிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும்; வெங்காயம் 1.2. பீற்றூட் 4 வரை அசையாமல் நிற்கும். ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை கிணற்றில் வாளி போடும் எவருக்கும் இந்த வித்தியாசத்தின் பெறுமதி விளங்கும்.

தீவுகளின் நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது விதி. மேலே ஓர் அடி இறங்கினால், அதே விகிதத்தில் கீழிருந்து உவர் ஏறும். அகலப் பாத்தி கட்டி மோட்டார் வைத்து இறைக்கும் தோட்டத்தை இந்த வில்லை நெடுநாள் தாங்காது. சாடிக்கோ காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு போதும். சாடித் தோட்டம் இங்கே வெறும் பொழுதுபோக்கல்ல, நிலத்தின் கணக்கை அறிந்து செய்யும் விவசாயம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வளர்ந்த பீற்றூட் உவரைத் தாங்கும். முளைக்கும் விதை தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்துவைத்த தண்ணீரை முதல் மூன்று கிழமைக்கு ஒதுக்கி வைப்பது இந்தக் கலையின் பாதி. நாலு இலை விட்ட பிறகு கிணற்றுத் தண்ணீர் சேரலாம். சாடியில் உப்புத் தேங்குமே என்றால், இடையிடையே நல்ல தண்ணீரை அடித்துளையால் வழியும் மட்டும் ஊற்றிக் கழுவிவிடலாம். நிலத்தில் இவ்வளவு இலகுவாக அது நடக்காது.

ஓரடி ஆழமான எதுவும் சாடிதான்: ஓட்டை வாளி, வெட்டிய பரல், உரப்பை. நாலு விரல் இடைவெளியில் விதைக்க வேண்டும். விதை என்று நாம் ஊன்றுவது உண்மையில் ஒட்டிக்கொண்ட பல விதைகளின் முடிச்சு. ஓரிடத்தில் இரண்டு மூன்று முளைகள் வரும். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளியாக வேண்டும். மனம் வராதவர் வீட்டில் இலை மட்டும் விளையும். கிள்ளியதை எறியத் தேவையில்லை, பருப்போடு போடலாம்.

தீவுகளின் மண் சுண்ணாம்பு மண். சுண்ணாம்பு மிகுந்தால் போரன் என்ற நுண்சத்து வேருக்குக் கிடைக்காது; கிழங்கின் உள்ளே கறுப்புத் தழும்புகள் விழும். அதனால்தான் சாடிக்குச் செம்பாட்டு மண்ணும் மக்கிய எருவும் கொண்டுவந்து சேர்ப்பது நல்லது. கரையில் ஒதுங்கும் சாதாளையை மழையில் உப்புப் போகக் கழுவவிட்டு மக்க வைத்தால், போரனும் அதோடு வந்து சேரும். வாடைக்காற்று இலையைக் கருக்காமல் கிடுகு வேலியின் மறைவில் வைக்கலாம். நெடுந்தீவுக்காரருக்கு அந்தக் கவலையும் குறைவு. சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகளே மறைப்பு.

மார்கழி, தைக் குளிரில் கிழங்கு திரளும். தோள் மண்ணுக்கு மேலே தெரிந்து, தோல் இறுகி மினுங்கும்போது பிடுங்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வளையத்துக்குள் வளையமாகச் சிவப்பு நெருக்கமாக ஓட வேண்டும். வளையங்களுக்கிடையே வெளுப்பு அகன்றிருந்தால் அது வெக்கையில் திரண்ட கிழங்கு. மூக்கில் ஏறும் அந்த மண்வாசம் ஜியோஸ்மின் என்ற சேர்வையால் வருவது. காய்ந்த தரையில் முதல் மழை விழும்போது எழும் மணத்திலும் அது உண்டு. தோலில்தான் அது மிகுதி. மண்வாசம் பிடிக்காதவர்கள் தோலைச் சற்று ஆழமாகச் சீவினால் போதும்.

முதலில் இலையைச் சமைக்க வேண்டும், அது ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து வறை வறுக்கும்போது தண்டையும் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். அந்த நொறுங்கல் சுகம் வேறு கீரையில் இல்லை. இலையிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் சுவை பார்த்துப் போடுவது முறை.

கிழங்குக்குப் பால்கறிதான் என் தெரிவு. தூள் போட்ட குழம்பில் இதன் இனிப்பு அடங்கிவிடுகிறது. அது கிழங்குக்குச் செய்யும் அநியாயம். தோலும் வாலும், இரண்டு விரல் தண்டும் வெட்டாமல் முழுசாக அவித்தால் சிவப்புத் தண்ணீரில் கரையாது. உரித்து விரல் விரலாக வெட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயத்தோடு கப்பிப்பாலில் கொதிக்கவிட்டு, இறக்குமுன் முதற்பால். மஞ்சள் வேண்டாம். சட்டியை இறக்கிய பிறகே தேசிக்காய்ப்புளி. பீற்றூட்டின் சிவப்பு, நாகதாளிப் பழத்தின் சிவப்பைப் போலவே பீற்றலெயின் வகையைச் சேர்ந்தது. நெடுநேரச் சூட்டில் அழியும், புளிப்பில் நிலைக்கும், காரத்தன்மையான தண்ணீரில் மங்கும். சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் சமைக்கும் தீவு வீட்டில் அந்தக் கடைசித் துளிப் புளி சுவைக்கு மட்டுமல்ல, நிறத்துக்கும் காவல். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டில், வெள்ளைச் சோற்றோரம் அந்த இளஞ்சிவப்புப் பால் ஊறும்போது பருப்பும் அப்பளமும் போதும், வேறு கறி தேடாது.

மிஞ்சிய கிழங்கை மெல்லிய வட்டங்களாகச் சீவி, சின்ன வெங்காயமும் இடித்த மிளகும் உப்பும் சேர்த்துக் கள்ளு வினாகிரியில் ஊறப்போடலாம். கள்ளின் புளிப்புக்குள்ளே ஒரு மெல்லிய இனிப்பு ஒளிந்திருக்கிறது. போத்தல் வினாகிரியின் வெறும் சுள்ளாப்பில் அது இல்லை. மூன்றாம் நாள் புட்டோடு தொட்டுக்கொள்ளப் பதமாக இருக்கும்.