யாழ்நூலும் தச்சன் கையும்

திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947இல் வெளிவந்தது. மறைந்த யாழை வெறும் பழம்பெருமையாக்காது, கணக்கின் வழிநின்று ஆராய்ந்தமையே அதன் வெற்றி. நரம்பின் நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். தேவாலய ஆர்கனின் குழாய்க்கும் ஏறத்தாழ அதுவே விதி.

ஆயினும் கணக்கு மட்டும் கருவியாகாது, கை வேண்டும். ஜெர்மனியின் ஃபிரைபெர்க் பேராலயத்துக்கு 1714இல் ஆர்கன் செய்தளித்த சில்பர்மானின் பெயர் இன்றும் வாழ்கிறது. யாழின் உறுப்புகளை அழகுற வருணிக்கும் பொருநராற்றுப்படையோ கரிகாலனைப் போற்றுகிறது. யாழைச் செய்த தச்சனின் பெயரைச் சொல்லவில்லை. இக்குறை அடிகளுடையதன்று, புரவலனை மட்டும் நினைவிற்கொண்ட மரபினுடையது. உழைத்தவனை மறந்த சமுதாயம் அவன் தொழிலையும் இழந்தது. துறைமுகப் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்கு யாழ்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வுண்மையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.