ஓடுகிறது, வெளிச்சம் இல்லை

புதுக்குடியிருப்பில் தண்டவாளம் இல்லை. றெயில் ஏறுவதென்றால் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ போகவேண்டும். 1990இல் யாழ்தேவி நின்றபின் வளர்ந்த நாங்கள் தண்டவாளத்தை முதலில் கண்டது பங்கருக்கு மேலே, கூரையாக. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் றெயில் வந்தபோது பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். அதனால் சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான், 87இல் ஒரு பங்கு அளவிலான றெயில் செற்றை எங்கள் விறாந்தையில் விரித்தபோது, அதை வெறும் விளையாட்டுச் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

இஞ்சின் ஓடியது. ஆனால் முன்னே போகச் சொன்னால் பின்னே போனது. விளக்கு எரியவே இல்லை. அத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஓர் எண்ணை மாற்றினார். திசை சரியானது. விளக்கு எரியவில்லை. பிறகு, இஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளை வாசிக்கும் டிகோடரின் எட்டாம் இடத்தில் எட்டு என்று பதிந்தார். பல தயாரிப்பாளரின் டிகோடர்களில் அதுதான் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளை. எது பிழைத்தாலும் முதலில் எண்ணை மாற்றும், அது பலிக்காவிட்டால் ‘றீசெற்’ அடிக்கும் இந்த வழக்கம் மாதிரி றெயில்காரரிடையே வேரூன்றிவிட்டது. அதன் நன்மையையும் கேட்டையும் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே வேகம், முனை மாறினால் திசை மாறும். விளக்கும் அதன் பின்னால்தான் போகும். வண்டி மெதுவானால் மங்கும். டிஜிற்றல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 15 வோல்ற் இருக்கும், முனை இடைவிடாது புரண்டபடி. ஒரு புரளல் 58 மைக்ரோசெக்கன் நீடித்தால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் பூச்சியம். வண்டிக்குள் இருக்கும் டிகோடர் இதை வாசித்து மோட்டருக்கும் விளக்குக்கும் தனித்தனியே பங்கிடுகிறது. எப்படிப் பங்கிடுவது என்பது சீ.வீ. எனப்படும் எண்ணிட்ட இடங்களில் பதிந்திருக்கும். ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி றெயில் சங்கம் 1990களில் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரமாக்கியது. அது பெரிய கொடை. ஒருவர் செய்த பெட்டியால் இன்னொருவர் செய்த இஞ்சினை ஓட்டலாம்.

எண்ணை நாடுவது பல இடங்களில் சரிதான். வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால், கம்பியை எத்தனை நாள் தடவினாலும் பிழை அகப்படாது. பெட்டி 28 வேகப் படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்கிறது என்பதே அதன் பொருள். 29ஆம் சீ.வீ.யைத் திருத்தினால் தீர்ந்தது.

எங்கள் இஞ்சினில் நடந்தது வேறு. எண்களைத் துடைத்ததும் அது மறுபடி பின்னே ஓடியது. அப்போதுதான் மூடியைத் திறந்தோம்.

“அத்தான், பிளக்கைத் திருப்பி மாட்டியிருக்கிறியள் போலை.”

எட்டு முனைப் பிளக் அது. அரைவட்டம் திரும்பினால் மோட்டர் முனைகள் தமக்குள் இடம் மாறும், தண்டவாள முனைகளும் அப்படியே. ஆகவே வண்டி ஓடும், எதிர்த்திசையில். ஆனால் விளக்குகளுக்குப் பொதுவான நீலக் கம்பி, பச்சைக் கம்பியின் இடத்துக்குப் போய்விடும். விளக்குக்கு மின்சாரம் போகாது. இதை எந்த எண்ணாலும் குணமாக்க முடியாது. அத்தான் முதலில் மாற்றிய எண், பிழையைக் காட்டிய ஒரு தடயத்தை மறைத்துவிட்டது. இந்த வழக்கத்தின் பெருங்கேடு அதுதான்.

நாங்கள் பழகிய தேடல் வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சத்தம் நின்றால் டைனமோவில் சின்ன பல்பைத் தொட்டுப் பார்ப்போம், பிறகு கம்பி, பிறகு ரேடியோ. ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே நடந்துபோகும் தேடல். அது எதையும் அழிப்பதில்லை.

அந்த முறையையும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே கொண்டுவரக்கூடாது. ஒன்றரை வோல்ற் பல்பை நேரே டிகோடரில் தொட்டால் அந்தக் கணமே எரிந்துபோகும். எல்.ஈ.டி.க்கு 1000 ஓம் அளவில் தடை வேண்டும். மின்சாரம் இருக்கும்போது வெறுங்கம்பி சட்டத்தில் பட்டால் டிகோடரே போய்விடலாம். சாதாரண மல்ரிமீற்றர் இந்த அலையைச் சரியாக அளக்காது. விளக்கு மினுங்கினால் பெரும்பாலும் சில்லில் படிந்த அழுக்குத்தான். பழைய பல்பின் இழை சூட்டைப் பிடித்துவைத்து அதை மறைத்தது, எல்.ஈ.டி. மறைப்பதில்லை. பழியோ புதிய விளக்கின்மேல் விழுகிறது.

றீசெற் தவறான வைத்தியம் அல்ல, அவசரமான வைத்தியம். சில்லு, தண்டவாளம், பிளக், விளக்கின் முனை எல்லாவற்றையும் பார்த்தபின், இருக்கும் எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யவேண்டியது. இந்த ஒழுங்கைச் சொல்லும் கையேடு தமிழில் ஒன்றாவது வரவேண்டும். இங்கே பொடியள் சோல்டரிங் பிடிக்கப் பழகிவிட்டார்கள், வாசிக்க ஏதாவது கொடுங்கள்.

பிளக்கை அரைவட்டம் திருப்பினோம், விளக்கு எரிந்தது. அந்த டிகோடர் அத்தானின் மகன் சிறுவயதில் ஓட்டிய இஞ்சினிலிருந்து கழற்றியது. அவன் பதிந்திருந்த முகவரியும் விளக்கின் மங்கலும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இப்போது அதன் முகவரி 3, தொழிற்சாலையில் இட்டது.