புரட்டிப் படுக்க வைத்தல்

முன்னாளில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, 1915-இல் திறக்கப்பெற்ற ஆரோக்கியவரம் க்ஷயரோக சானடோரியத்தில், ஓய்வும் நல்ல காற்றும் ஊட்டமான ஆகாரமுமே பிரதான ஔஷதமாயிருந்த அந்நாட்களில், மாதக்கணக்காகப் படுத்திருந்தோருக்குச் சுஸ்ரூஷை செய்த கைகளே வைத்தியத்தின் பெரும்பகுதியாக விளங்கின. இன்றும், திருப்பதியில் தேவஸ்தானத்தாரின் பர்டு ஆஸ்பத்திரியைப் போன்ற இடங்களில் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் அங்கம் தளர்ந்தோரில் பலருக்கு, அத்தகைய கைகளே துணை.

அக்கைகள் செய்யும் வித்தைகளுள் நான் பெரிதும் வியப்பது, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதே. தமிழிலோ தெலுங்கிலோ, அவருக்குப் பழகிய பாஷையில் முன்கூட்டிச் சொல்லி, அப்பாலுள்ள முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, இழுக்காமல் தன்பக்கம் உருட்டி, முதுகுக்கு அண்டையாகவும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வைத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடவேண்டும். அத்துடன், படுக்கைப்புண் அரும்புகிறதா என்று புட்டத்தின் மேற்புறத்தையும் குதிகாலையும் பார்க்கவேண்டும். நம்மவரின் கரிய மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாதாகையால், வெப்பமும் கடினமும் விரலுக்குத் தெரியவேண்டும். புஸ்தகம் இதைச் சொல்லலாம். விரலுக்குக் கற்பிக்க அதனால் இயலாது. ஆகவே, சுஸ்ரூஷை பயிலும் பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து, சகமாணவியைக் கொண்டு புரட்டச் செய்யும் அப்பியாசம் மிக உத்தமமானது. அவசரக் கை எப்படி நோவுண்டாக்கும் என்பதை அவள் தன் உடம்பாலேயே அறிந்துகொள்கிறாள்.